ஊசிக்குப் பயந்து பல்லை வைத்திருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் சூத்தை. ஊசிக்குப் பயந்து கராம்பை வைத்தே சமாளிக்கிறா. என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: கராம்பு நோவைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான். சூத்தை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சீழ் கட்டிவிட்டால் அந்த இடத்தின் அமிலத்தன்மையால் விறைப்பூசி சரியாகப் பிடிக்காது. 'ஊசி போட்டும் நொந்தது' என்ற ஊர்க்கதைகளில் பல இப்படிப் பிந்திப் போனவர்களுடையவை. வீக்கம் வருமுன் கூட்டிப்போங்கள்.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வெறும் வயிறென்றால் தலைசுற்றும். குத்துமுன் பூசும் விறைப்பு ஜெல் இருக்கிறதா என்று கேளுங்கள், 2 நிமிடம் போதும். ஊசிக்குப் பின் நெஞ்சு படபடத்தால் அது பெரும்பாலும் விறைப்பு நீடிக்க மருந்தோடு சேர்க்கும் அட்ரினலினால்தான். சில நிமிடத்தில் அடங்கும். விறைத்த பிறகும் அழுத்துவது தெரியும், நோகக்கூடாது. நொந்தால் இடக்கையைத் தூக்குவா என்று வைத்தியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிரஷர், சீனி மருந்துகளைத் தானாக நிறுத்த வேண்டாம்.