நான்கு வழிச்சாலை கேட்கும் முன்… – வாசகர் கேள்வி பதில்

எங்கள் ஊராட்சி வழியாக இருவழி மாநில நெடுஞ்சாலை போகிறது. இருபக்க வயல்களும் மனைகளாகி வருகின்றன. காலையில் பள்ளி வேனும் லாரியும் நகர முடியவில்லை. நான்கு வழியாக்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடலாமா?
– ஊராட்சி உறுப்பினர், திருவண்ணாமலை மாவட்டம்

முதலில் வண்டிகளை எண்ணுங்கள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி, சமவெளியில் 7 மீட்டர் அகல இருவழிச் சாலை நாளுக்கு 15,000 பி.சி.யு. தாங்கும். எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றும் அளவுதான் பி.சி.யு. கார், ஆட்டோவுக்கு 1, டூவீலருக்கு 0.5, பஸ், லாரிக்கு 3, டிரெய்லர் மாட்டிய டிராக்டருக்கு 4.5. ஏழு நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். அறுவடை நேரத்தில் ஒரு முறை, மற்ற நாளில் ஒரு முறை. கரும்பு டிராக்டர் ஓடாத மாதத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும்.

இன்று 6,000 வந்தால், ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சியில் 20 ஆண்டில் ஏறக்குறைய 16,000 ஆகிவிடும். அதற்கான நிலத்தை இப்போதே ஒதுக்கினால்தான் உண்டு. வீடு எழும்பிய பிறகு ஒவ்வொரு அடிக்கும் வழக்குதான். அதுவரை இருபுறமும் 1.5 மீட்டர் தோள்பகுதிக்கு (தார்ச்சாலையை ஒட்டிய ஓர மண்பகுதி) தார் போடச் சொல்லுங்கள். கொள்ளளவு 15 சதவீதம் கூடும், டூவீலர்களும் ஒதுங்கிப் போகும்.

ஆனால் அந்த 15,000 திறந்தவெளிச் சாலைக்கான கணக்கு. இருபதடிக்கு ஒரு கேட் திறந்தால் நான்கு வழி போட்டும் நெரிசல் தீராது. பெரும்பாலான ஊர்களில் பிழை இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு மனைப்பிரிவும் நெடுஞ்சாலைக்குத் தனித்தனி வாய் திறக்கிறது. உள்தெருக்கள் பக்கத்து லேஅவுட்டின் சுவரில் முட்டி நிற்கின்றன. பால் வாங்கப் போகிறவரும் நெடுஞ்சாலையில் ஏறித்தான் ஆகவேண்டும்.

கிராம வரைபடத்தையும் ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடமான எஃப்.எம்.பி.யையும் விரித்து, நெடுஞ்சாலைக்கு இணையாக வண்டிப்பாதை புறம்போக்கு ஓடுகிறதா பாருங்கள். இருந்தால் அதை அளந்து கல் நட்டு இணைசாலையாக்குங்கள். புது மனைப்பிரிவு அனுமதிக்கு வரும்போதே, தெரு அடுத்த சர்வே எண்ணின் எல்லைவரை போகட்டும், நெடுஞ்சாலைக்கு ஒரே வாய் போதும் என்று எழுத்தில் கேளுங்கள். தானப் பத்திரத்தில் ஊராட்சிக்கு வரும் தெருவின் அகலத்தையும் தளத்தில் டேப் பிடித்துச் சரிபாருங்கள்.

புறவழிச்சாலை வந்தால் கடைத்தெரு படுத்துவிடுமா?
– மளிகைக் கடைக்காரர், அதே மாவட்டம்

டீக்கடை, பஞ்சர் கடை போல வழிப்போக்கரை நம்பிய கடைகளுக்கு அடி விழும். உள்ளூர் வாடிக்கையாளரை நம்பிய மளிகைக்கு அவ்வளவு இல்லை. லாரி போனபின் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். கவலைப்பட வேண்டியது வேறு. புறவழிச்சாலையிலும் மனை விற்க அனுமதித்தால் அதுவே அடுத்த கடைத்தெருவாகிவிடும்.

சாலையை உயர்த்தினால் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருமா?
– விவசாயி, செங்கல்பட்டு மாவட்டம்

வரத்து வாய்க்கால் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் கல்வெர்ட் (சாலைக்கடியில் தண்ணீர் போகும் சிறுபாலம் அல்லது குழாய்) வேண்டும். அதன் அடிமட்டம் வாய்க்கால் தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அரை அடி உயர்ந்தாலும் மேல்பக்க வயலில் தண்ணீர் தேங்கும், ஏரிக்கு வருவது குறையும். ஆள் இறங்கித் தூர்வார 1,200 மி.மீ. குழாய் கேளுங்கள், சின்னக் குழாய் ஒரே மழையில் முள்ளும் பிளாஸ்டிக்குமாக அடைத்துக்கொள்ளும். ஏரி நிரம்பி வழியும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் உபரி வாய்க்காலையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். கோடையில் அளக்க வருபவருக்கு அது வெறும் பள்ளமாகத்தான் தெரியும்.