ஷிப்மென்ட் போன பிறகும் தூக்கம் வரவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன். லைன் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், ஷிப்மென்ட் நெருங்கினால் இரவெல்லாம் நின்றாலும் களைப்புத் தெரியாது. தொழிற்சாலை மேலாளராகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது போன் அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சரக்கு போன பிறகும் தூக்கம் வருவதில்லை. எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். "டென்ஷன் இல்லாத மேலாளர் வேலை ஏது?" என்கிறார் முதலாளி. நான் பலவீனமாகிவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. மன அழுத்தம் என்ற கருத்தை மருத்துவ உலகில் நிலைநிறுத்திய ஹான்ஸ் செலி, பிற்காலத்தில் அதை இரண்டாகப் பிரித்து, ஊக்கம் தருவதை யூஸ்ட்ரெஸ் என்றும் உடலை அரிப்பதை டிஸ்ட்ரெஸ் என்றும் அழைத்தார். முதலாளி சொல்வது முன்னதற்குப் பொருந்தும். நீங்கள் எழுதியிருப்பதோ பின்னதைப் பற்றி.

சூப்பர்வைசராக இருந்தபோது இலக்கு உங்கள் கண்ணெதிரே இருந்தது. எந்த மெஷினில் யாரை உட்கார வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்தீர்கள். கன்டெய்னர் வாசலைத் தாண்டியதும் அந்தப் பாரம் இறங்கியது. இன்றோ சாயமேற்றும் டையிங்கில் துணி தாமதமாகிறது, ஆடையை வாங்கும் பையரிடமிருந்து சாம்பிளுக்கு ஒப்புதல் வரவில்லை, தேதியை முதலாளி கொடுத்துவிட்டார். ஆனால் தாமதத்தால் சரக்கைக் கூடுதல் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் கேள்வி மட்டும் உங்களிடம் வருகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், உயரதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களே இதய நோயால் அதிகம் இறந்தது தெரியவந்தது. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, வேலையின் மீது தனக்குப் பிடி இல்லாமையை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. மேலாளர் என்ற பெயர் இருந்தாலும், தேதி விஷயத்தில் உங்களுக்கு உள்ள பிடி அந்தக் கீழ்நிலை ஊழியருடையதுதான்.

எரிந்து விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். மதியம் முந்நூறு ஆல்டர் பீஸ், அதாவது தையல் குறையால் திருத்த வேண்டிய ஆடைகள், சேர்ந்திருந்தாலும், திட்டுக்குப் பயந்த சூப்பர்வைசர் உங்களிடம் நூறு என்றுதான் சொல்வார். மீதி இருநூறு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய இரவில், சரிசெய்ய ஆளும் நேரமும் இல்லாதபோது மேசைக்கு வரும். உங்கள் அழுத்தத்தில் ஒரு பங்கு இப்படி நீங்களே வரவழைத்துக்கொள்வது.

கடைசி நான்கு ஷிப்மென்ட்டுகளை எடுத்து, டையிங், ஒப்புதல், தையல் என எங்கெங்கே எத்தனை நாள் போயிற்று என்று ஒரே தாளில் எழுதுங்கள். சரக்கு எதுவும் ஓடாத ஒரு நாளில் முதலாளியிடம் அதைக் காட்டி, இனி என்னோடு கலந்து பேசாமல் பையருக்குத் தேதி கொடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். ஓய்வு கேட்பதைவிட இது கடினம், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது இதுதான். காலையில் உயர்ந்து இரவில் தாழ வேண்டிய கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்புக்கு, நள்ளிரவுப் போன்கள் உதவப்போவதில்லை. விபத்து, மின்தடை தவிர மற்றவற்றை இரவுப் பொறுப்பாளரே முடிவு செய்யட்டும்.

இதற்கிடையில் ரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டு, தூக்கமின்மையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதலாளி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவே மறுத்தால் மீண்டும் எழுதுங்கள். அப்போது நாம் பேச வேண்டியது வேறு வேலையைப் பற்றி.