தணிக்கையாளராக வந்த பொருளாதார அறிஞர்: ஜே.சி. குமரப்பா பற்றிய கேள்வி பதில்

கல்லூரியில் பொது நிதி, அதாவது அரசின் வரவு செலவு பற்றிய பாடம் நடத்தியவன் நான். குமரப்பாவிடம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாடத்தின் வழியாகத்தான். அவரைப் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, விருதுநகர்): ஐயா, எங்கள் புத்தகத்தில் ‘காந்தியப் பொருளாதார அறிஞர்’ என்று ஒரே வரியோடு முடித்துவிட்டார்கள். அவர் உண்மையிலேயே பொருளாதாரம் படித்தவரா? இல்லை, காந்தியின் சீடர் என்பதால் அந்தப் பெயரா?

பதில்: முறையாகப் படித்தவர்தான் அம்மா. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தவர். லண்டன் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். முதல் உலகப் போர் முடிந்தபின் பம்பாய்க்கு வந்து, பிறகு சொந்தமாகவே தணிக்கை நிறுவனம் நடத்தினார். கோட்டும் சூட்டுமாக, நல்ல வருமானத்தோடு இருந்த மனிதர்.

1927இல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், அடுத்து கொலம்பியாவில் பொது நிதி. அங்கே ஒரு தேவாலயத்தில் ‘இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?’ என்று பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு, இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். வரி பற்றிய படிப்பில் அன்று உலகமே மதித்த பேராசிரியர் அவர்.

ஆங்கில அரசின் வரவு செலவை ஒரு தணிக்கையாளரின் கண்ணோடு குமரப்பா பார்த்தார். நிலவரியும் உப்பு வரியும் கட்டுகிறவர் உழவர். அந்தப் பணம் ராணுவத்துக்கும், கடனுக்கான வட்டிக்கும், அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போகிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். இந்த ஆய்வு பிறகு ‘பொது நிதியும் நமது வறுமையும்’ என்ற தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. கடைசிவரை அவர் எதைத் தொட்டாலும், செலவை யார் சுமக்கிறார், வரவு யாருக்குப் போகிறது என்று பார்ப்பதை விடவில்லை. அவரை மகானாக்கிக் கும்பிடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. இந்தக் கணக்குப் பார்வைக்காகத்தான் அவரைப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): காந்தியை எப்படிச் சந்தித்தார்?

பதில்: ஆய்வை அச்சில் கொண்டுவர வேண்டும் என்று போனவர்தான். 1929 மே 9, சபர்மதி ஆசிரமம். காந்தி அதைத் தம் ‘யங் இந்தியா’ வார இதழில் தொடராகப் போட ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார்: குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகாவில் கிராமங்களை நேரில் ஆய்வு செய்ய வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், குடும்ப வருமானம், சாகுபடிச் செலவு, கடன், கால்நடை என எல்லாவற்றையும் எழுதிவாங்கினார். பயிரில் வந்ததிலிருந்து செலவைக் கழித்தால் நிலவரி கட்ட ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்த்த ஆய்வு அது. இந்தியாவில் கிராமப் பொருளாதார ஆய்வு என்ற வேலைக்கு அதை ஒரு முன்னோடி என்றே சொல்வேன்.

கேள்வி (தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவர், சென்னை): பீகார் நிலநடுக்க நிதியில் காந்தியின் சாப்பாட்டுச் செலவையே மறுத்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா சார்?

பதில்: அவரை அறிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி அது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு நிதிப் பொறுப்பு குமரப்பா. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று மிகச் சிறிய தொகையை வரையறுத்திருந்தார். கூட்டத்துக்குக் காந்தி தம் குழுவோடு வந்தபோது, இவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி காரணம் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டாராம். பணம் தந்தவர்கள் வீடிழந்தவர்களுக்காகத் தந்தார்கள். வேறு தலைப்பில் அதைச் செலவு எழுத எந்த நல்ல தணிக்கையாளருக்கும் கை வராது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

கேள்வி (இயற்கை விவசாயி, ஈரோடு): ஐயா, நாங்கள் மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். குமரப்பா இயந்திரத்தையே வெறுத்தவர் என்கிறார்களே?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் உருவானது. அதன் செயலாளர் குமரப்பா. வார்தாவில், காந்தியின் உறவினர் மகன்லால் பெயரில் அமைந்த மகன்வாடி என்ற இடத்தில் தலைமையகம். அங்கே கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, நெல் குத்துதல், செக்கு, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றிலும் சோதனை நடந்தது. பழைய செக்கை அப்படியே வைத்துக் கும்பிடவில்லை. மாட்டுக்குப் பாரம் குறைய வேண்டும், எண்ணெய் கூடுதலாக வர வேண்டும் என்று ஜவேர்பாய் படேல் அதைத் திருத்தி அமைத்தார். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கைச் செய்தார்கள். 1938 டிசம்பரில் காந்தி அங்கே ஓர் அருங்காட்சியகத்தையும் திறந்துவைத்தார். கருவிகளை வெறுத்தவர்கள் இவ்வளவு பாடுபடுவார்களா?

செக்கை அவர் ஆதரித்ததற்குக் காரணம் கணக்குத்தான். எள்ளோ கடலையோ ஊரிலேயே ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும். அதே வித்து தூரத்து ஆலைக்குப் போனால் எண்ணெய் மட்டும், அதுவும் விலை கொடுத்தால்தான், திரும்பி வரும். பிண்ணாக்கு வெளியே போய்விடும். மாடு மெலியும், மண் மெலியும், செக்காடுகிறவர் வேலை இழப்பார். ஆலை எண்ணெய் விலை குறைவு என்று சந்தை சொல்லும். இந்த இழப்புகள் எதுவும் அந்த விலையில் ஏறவில்லை என்பார் குமரப்பா. இன்று சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் புறவிளைவு என்று படிப்பதைத்தான் அவர் செக்கடியில் நின்று சொன்னார்.

பனையும் அப்படித்தான். கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேண்டும். பனை தரிசில் நிற்கும். இனிப்பைப் பனையிலிருந்து எடுத்தால் கரும்பு நிலத்தில் உணவு விளைவிக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் தென் மாவட்டங்களில் கருப்பட்டி காய்ச்சுகிற வீடுகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. பனையேறும் தொழிலில் உயிருக்கு ஆபத்து உண்டு. ஏறுகிறவருக்கு உரிய கூலி இல்லாமல் பனைவெல்லத்தின் பெருமையை மட்டும் பேசினால் குமரப்பாவின் கணக்கில் பாதியைக் கிழித்துப் போட்டதாகிவிடும். உங்கள் செக்கு எண்ணெய்க்கும் இதே அளவுகோல்தான். எண்ணெய் லிட்டருக்கு என்ன விலை என்பதோடு, கடலை விளைவித்தவருக்கும் செக்கில் நிற்பவருக்கும் என்ன போகிறது என்றும் பாருங்கள்.

பெரிய தொழிலே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. ரயில், சுரங்கம் போன்றவை பொதுவில் இருக்கட்டும் என்பதே அவர் நிலை.

கேள்வி (பள்ளி ஆசிரியர், தர்மபுரி): அவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?

பதில்: ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’, அதாவது நிலைத்து நிற்கும் பொருளாதாரம். ஜபல்பூர் சிறையில் எழுதி 1945இல் வெளிவந்தது. இயற்கையிலிருந்து ஐந்து வகைப் பொருளாதாரத்தைக் காட்டுவார்: கொன்று தின்னும் புலி, விளைவிக்காமல் பறித்துப் போகும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கலாம். பிற்காலத்தில் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் பௌத்தப் பொருளாதாரம் பற்றிய கட்டுரையில் குமரப்பாவை மேற்கோள் காட்டியிருக்கிறார்.

கேள்வி (ஆய்வு மாணவர், மதுரை): கிராமம் என்பது குறுகிய மனத்தின் குகை என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசினார். குமரப்பாவின் கிராமத்தில் சாதி எங்கே?

பதில்: நியாயமான கேள்வி தம்பி. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் பேசியதைக் குமரப்பாவின் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். என் கணிப்பைச் சொல்கிறேன்: இங்கே குமரப்பா பலவீனமானவர். நகரம் கிராமத்தைச் சுரண்டுவதை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், கிராமத்துக்குள்ளேயே ஒரு தெரு இன்னொரு தெருவைச் சுரண்டுவதை அதே கூர்மையோடு பார்க்கவில்லை. வருணத்தை மனிதரின் நோக்கங்களைத் தரம்பிரிக்கும் ஏற்பாடாக விளக்கிய இடங்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரோடு ஊராகத் தொழில் நிற்க வேண்டும் என்னும்போது, அந்தத் தொழில் பிறப்பால் சுமத்தப்பட்டதா என்று கேட்டாக வேண்டும்.

ஆனால் அவருடைய நிலச்சீர்திருத்த அறிக்கையை விட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1947 இறுதியில் காங்கிரஸ் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். 1949 அறிக்கை சொன்னவை: இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும். உள்குத்தகை கூடாது. ஆறு ஆண்டு தொடர்ந்து உழுதவருக்கு நிலத்தில் உரிமை வேண்டும். ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நில அளவைப்போல் மூன்று மடங்கு, அதுவே உச்சவரம்பு. அன்றைய காங்கிரசில் நிலக்காரர்கள் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். தமிழ்நாட்டில் உச்சவரம்புச் சட்டம் 1961இல்தான் வந்தது, அதுவும் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்). 1970இல் அது 15 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை நிலம் உறவினர் பெயருக்கும் அறக்கட்டளைக்கும் மாறியது என்பது கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): கிறிஸ்தவராகவே இருந்தாரா?

பதில்: கடைசிவரை. சத்தியாக்கிரகிகள் மீது அரசு தடியடி நடத்தியபோது சபையின் பேராயரிடமே கேள்வி கேட்டு எழுதினார். இயேசுவின் போதனைகள் பற்றிச் சிறையில் ஒரு புத்தகமும் எழுதினார். வறியவர் பக்கம் நிற்பதைத் தம் விசுவாசத்தின் பகுதியாகவே அவர் பார்த்தார் என்பது அந்தப் புத்தகத்தைப் படித்தால் விளங்கும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): கல்லுப்பட்டிக்கு எப்படி வந்தார்?

பதில்: 1938இல் நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவில் இருந்து, உடன்பட முடியாமல் சில மாதங்களில் விலகியவர். விடுதலைக்குப் பிறகும் பெருந்தொழில் வழியே நாடு போனதால் அவருக்கு டெல்லியில் வேலையில்லை. உடல்நிலையும் கெட்டது. 1950களில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார்.

கேள்வி (எம்.ஏ. பொருளாதாரம், இறுதி ஆண்டு, சேலம்): சார், எனக்கு வங்கித் தேர்வு எழுத மனமில்லை. இப்படி ஊரோடு சேர்ந்த வேலைதான் செய்ய ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன படிக்கலாம், எங்கே தொடங்கலாம்?

பதில்: வீட்டில் பயப்படுவதில் தவறில்லை. இந்தத் துறையில் சம்பளம் குறைவு, ஒப்பந்த வேலை அதிகம். அதைத் தெரிந்துகொண்டே வா.

முதலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைக் கற்றுக்கொள். பொருளாதாரம் படித்த பலருக்கு ஒரு பேரேட்டைப் படிக்கத் தெரியாது. மகளிர் சுய உதவிக் குழு ஆகட்டும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகட்டும், உறுப்பினர்களுக்குப் புரிகிற மாதிரி கணக்கு வைத்துக் காட்ட ஆள் வேண்டும். 1989இல் உங்கள் பக்கத்து தர்மபுரியில்தான் தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அந்தப் பகுதியில் பழைய குழுத் தலைவிகள் இருப்பார்கள். போய் உட்கார்ந்து பேசு, பாடப்புத்தகத்தில் இல்லாத கடன் பாடம் கிடைக்கும்.

மேற்படிப்பு என்றால் காந்திகிராமம், சென்னையில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், ஆனந்தில் கிராமிய மேலாண்மை நிறுவனம் என்று இடங்கள் உண்டு. கட்டணத்தை முதலில் விசாரி. கடன் வாங்கிப் படித்துவிட்டால், அதை அடைக்கவே பெரிய நிறுவன வேலைக்குப் போக வேண்டி வரும். அப்படிப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால், செலவில்லாத ஒரு பயிற்சி. உன் ஊராட்சியின் வரவு செலவை எடு. வீட்டு வரி எவ்வளவு, மாநில நிதிக்குழு மானியம் எவ்வளவு, மத்திய நிதிக்குழு மானியம் எவ்வளவு என்று பிரி. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று ஒரு வரைபடத்தில் குறி. காலனிப் பக்கத்தைக் கட்டாயம் நடந்தே பார். அப்புறம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறில் எந்தக் கிராம சபை அடுத்து வருகிறதோ அதற்குப் போ. கணக்கை வாசிக்கும்போது எழுந்து கேள். முதல் தடவை பதில் வராது. எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல். அந்த வரைபடத்தையும் கணக்கையும் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.