பதில்: இடது கைக்காரப் பையனும் செஸ் கடிகாரமும்

அண்ணே, பாம்பன்ல இருந்து எழுதியிருக்கீங்க, நான் மண்டபம்தான். உங்கள் பையன் கறுப்புக் காயில் ஆடும்போது ஒவ்வொரு முறை காய் நகர்த்தியதும் அமுக்க வேண்டிய கடிகாரம் வலப்பக்கம் இருந்ததால் இடது கையால் நகர்த்தி வலது கையால் அமுக்கினான், நடுவர் எச்சரித்தார் என்கிறீர்கள். நடுவர் செய்தது சரிதான். எந்தக் கையால் நகர்த்தினோமோ அதே கையால்தான் அமுக்க வேண்டும் என்பது ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதி. கோட்டை கட்டுவதும் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) காயை வெட்டுவதும்கூட ஒரே கையால்தான்.

கடிகாரம் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்வது நடுவர். ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் வரிசையாகப் பலகை போட்டிருக்கும் ஹாலில் பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள்.

அதனால் காயை மட்டும் வலது கையால் நகர்த்தப் பழக்குங்கள், எழுதுவது இடது கையிலேயே இருக்கட்டும். அதற்குத் தடையில்லை. பேனாவைக் கீழே வைக்காமலே நகர்த்தி அமுக்கலாம், நேரம் மிச்சம். வீட்டில் ஐந்து நிமிட ஆட்டம் கறுப்பில் மட்டும் ஆடவிடுங்கள்; முதலில் பக்கத்துக் காயைத் தட்டிவிடுவான், போகப் போகச் சரியாகிவிடும். வெள்ளைக் காய் வந்தால் கடிகாரம் இடப்பக்கம் இருக்கும், அப்போது பழைய கையே போதும்.

அப்புறம், சோற்றுக் கையாலேயே எழுதச் சொல்லும் பாட்டி பேச்சை இதில் கேட்காதீர்கள்.