அம்மாவின் டிக்கெட்டை யார் எடுப்பது?

கேள்வி: ஆகஸ்டில் மனைவி, இரண்டு மகள்கள், 67 வயது அம்மா ஆகியோருடன் தாய்லாந்தின் புக்கெட்டுக்கு ஐந்து நாள் போய்வர எண்ணியிருக்கிறேன். சீசனில் ஒருவருக்கு 62,000 ரூபாய் என்ற டிராவல்ஸ்காரர், மழைக்காலம் என்பதால் 38,000 ரூபாய்க்குத் தருகிறார். அம்மாவின் பங்கை அவருடைய குடும்ப ஓய்வூதியத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். அவருக்குச் சர்க்கரை உண்டு, கடலிலும் ஆர்வமில்லை. நாங்கள் தீவுகளுக்குப் போகும்போது மூன்று வயதுச் சின்னவளை அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வார். மழையில் போகலாமா? செலவை இன்னும் எங்கே குறைக்கலாம்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: மழைக்குப் பிறகு வருகிறேன். அம்மாவின் பங்கை அவருடைய ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக்கொள்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம். உங்கள் தந்தை காலமெல்லாம் உழைத்ததற்காக, அவர் போன பிறகு அம்மாவின் கைக்கு வருகிற பணம் அது. அந்தப் பணத்தைக் கட்டி, பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறிப்போய், மொழி தெரியாத ஊரில் ஒரு விடுதி அறைக்குள் மூன்று வயதுக் குழந்தையோடு அவர் அடைந்து கிடக்க வேண்டும். நீங்கள் படகில் தீவு பார்த்து வருவீர்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்த ஆளுக்கு நாம் சம்பளம் கொடுப்போம். உங்கள் ஏற்பாட்டில் ஆளே பணம் கட்டிவிட்டு வேலைக்கு வருகிறார்.

அவருக்குக் கடலில் ஆர்வமில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? "நீங்க போயிட்டு வாங்க, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று எந்தப் பாட்டியும் சொல்வார். அதை ஆர்வமின்மை என்று கணக்கில் எழுதிக்கொள்வது பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கிறது. எங்கே போகலாம் என்று அவரைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. சிங்கப்பூர், துபாய், பாலி என்று ஊர் மாறுமே தவிர, அறைக்குள் உட்காரும் பாட்டி மாறுவதில்லை. கணவனும் மனைவியும் தனியாகப் போய்வர ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படியானால் அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதமா, உடம்பு ஒத்துழைக்குமா என்று கேட்டு, அவர் புழங்குகிற சொந்த வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்; அங்கே அக்கம்பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், மருந்துக்கடைக்காரர் அவரை அறிவார். ஆனால் அம்மாவையும் அழைத்துப் போகிறோம் என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அவருடைய செலவு மகனுடைய செலவு. ஐந்து பேருக்குக் கட்டுப்படியாகவில்லையென்றால் ஊரை மாற்றுங்கள்.

எப்படியும் புக்கெட்டை மாற்றத்தான் வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கடந்து நேராக அந்தத் தீவின் மேற்குக் கரையில் மோதுகிறது. பத்தோங், கரோன், கட்டா ஆகிய பெயர்பெற்ற கடற்கரைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மழை நாள் முழுவதும் பெய்வதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடிக்கும். சிக்கல் மழையில் இல்லை, கடலில் இருக்கிறது. சிவப்புக் கொடி ஏற்றிய கரையில், மேலே அமைதியாகத் தெரிகிற நீர் அடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும்; அந்த மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் மூழ்கி இறக்காத ஆண்டே இல்லை எனலாம். சிமிலன் தீவுகளை மே நடுவில் மூடினால் அக்டோபர் நடுவில்தான் திறக்கிறார்கள். படங்களில் எல்லோரும் காட்டுகிற மாயா விரிகுடா ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும். பீ பீ தீவுக்குப் போகும் படகுகளும் அலை உயர்ந்தால் நின்றுவிடும். உங்கள் டிராவல்ஸ்காரர் குறைத்த 24,000 ரூபாயில் கடலையும் சேர்த்தே கழித்திருக்கிறார். படகு ஓடாத நாளில் அம்மாவோடு நீங்களும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். தாய்லாந்துதான் வேண்டுமென்றால், வளைகுடாப் பக்கத்துக் கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபருக்குப் பிறகுதான். ஆனால் அங்கே போய்ச்சேரும் செலவு கூடும். பாலியில் ஆகஸ்ட் வறண்ட காலம், ஆகவே விலை உச்சத்தில் இருக்கும்.

திருப்பூர்க்காரருக்கு மழை மறைவுப் பகுதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வால்பாறையில் வானம் பிளந்துகொண்டு கொட்டும் ஆடியில் உங்கள் ஊரில் வெறும் காற்றுதானே அடிக்கிறது? நான் சொல்லும் மாற்று ஊரான இலங்கையிலும் அதுவே நடக்கிறது. தென்மேற்குக் காற்றின் ஈரத்தைக் கொழும்பு, காலிப் பக்கமும் நடுவிலுள்ள மலைநாடும் வாங்கிக்கொள்கின்றன. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று சொல்லும் அந்தக் காற்று, வடக்கையும் கிழக்கையும் அடையும்போது பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஆகஸ்டில் திருகோணமலையின் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் குழந்தைகள் கால் நனைக்கும் அளவுக்கு அடங்கியிருக்கும். அங்கே மழைக்காலம் அக்டோபரில்தான் தொடங்குகிறது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலிக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பலும் விடுகிறார்கள், ஆனால் காற்று கூடினால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் அம்மாவையும் கைக்குழந்தை போன்ற சின்னவளையும் வைத்துக்கொண்டு அதை நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலின் 25 நாள் திருவிழா பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். தேர், தீர்த்த நாள்களில் வெளிநாட்டு யாழ்ப்பாணத்தார் வந்து குவிவார்கள், அறைக்கு அலைய நேரிடும்; தொடக்க வாரமே உங்களுக்கு உகந்தது. அங்கிருந்து வேன் பிடித்தால் ஐந்தாறு மணி நேரத்தில் திருகோணமலை. சம்பந்தர் பாடிய கோணேசுவரம் அங்கே கடலுக்கு மேல் செங்குத்தான பாறையில் நிற்கிறது. அவர் இராமேசுவரத்திலிருந்தபடியே பாடினார் என்பார்கள். உங்கள் அம்மா நேரிலேயே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் யாரையும் எதிர்பார்க்காமல் தெருவில் இறங்கித் தமிழில் விலை கேட்டு இளநீர் வாங்கிக் குடிக்கலாம். நிலாவெளிக் கடற்கரை விடுதிகளுக்கு ஆகஸ்ட்தான் சீசன். செலவைக் குறைக்க வேண்டுமானால் திருகோணமலை நகருக்குள் தங்கிவிட்டுக் கடலுக்கு ஆட்டோவில் போங்கள். வெயில் கடுமையாக இருக்கும், நண்பகலில் யாரையும் அலைக்கழிக்காதீர்கள்.

செலவை எங்கே குறைக்கலாம் என்று கேட்டீர்கள். பயணக் காப்பீட்டில் குறைக்காதீர்கள். 60 வயதைக் கடந்தவருக்குப் பிரீமியம் கூடுதல்தான்; அதற்காக அம்மாவை மட்டும் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தால், அங்கே மருத்துவமனையில் சேர்க்க நேரும்போது நிறுவனம் கையை விரித்துவிடும். மாத்திரைகள் மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் இருக்கட்டும். டிக்கெட்டைச் சுதந்திர தினத்தை ஒட்டிய நாள்களில் போடாமல் வார நடுவில் போட்டால் சில ஆயிரங்கள் மிஞ்சும். அந்த மிச்சத்தில் இரண்டு அறைகளாக எடுங்கள். சின்னவள் உங்கள் அறையில் தூங்கட்டும்.