மேலிடத்தை நம்ப முடியவில்லை: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு லீசிங் நிறுவனக் கிளையில் 7 வருடமாகக் கடன் உத்தியோகத்தராக இருக்கிறேன். நிறுவனம் பங்குச் சந்தையில் உள்ளது. அறவிட முடியாத கடன்களை மறைத்து முதலீட்டாளர்களை ஏமாற்றினார்கள் என்று கொழும்பிலுள்ள எங்கள் பணிப்பாளர்கள் மீது விசாரணை நடக்கிறது. 'வதந்திகளை நம்பாதீர்கள்' என்று தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. கிளையில் ஒருவரும் அதை நம்பவில்லை. என் சொல்லைக் கேட்டுப் பெரியம்மாவும் அங்கே நிலையான வைப்பு வைத்திருக்கிறார். வேலையை விடவா?

பதில்: அவசரப்பட்டு இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். பணிப்பாளர்கள் நல்லவர்களா என்பதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு உங்களால் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பணம் எங்கே இருக்கிறது, உங்கள் கையெழுத்து எதில் இருக்கிறது என்பதை இந்த வாரமே பார்த்துவிடலாம்.

2001 செப்டெம்பரில் அமெரிக்காவின் என்ரோன் என்ற எரிசக்திக் கம்பனியின் தலைவர் கென்னத் லே, கம்பனிப் பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று சொந்த ஊழியர்களிடமே சொன்னார். டிசம்பர் 2ஆம் திகதி கம்பனி வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. ஓய்வுக்காலச் சேமிப்பை அந்தப் பங்குகளிலேயே போட்டிருந்தவர்கள் வேலையோடு சேமிப்பையும் இழந்தார்கள். இந்தியாவின் சத்யம் என்ற கணினிக் கம்பனியின் கதை வேறு விதம். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். அரசு புதிய பணிப்பாளர் சபையை நியமித்தது, டெக் மஹிந்திரா என்ற கம்பனி சத்யத்தை வாங்கியது, பல்லாயிரம் பேரின் வேலை தொடர்ந்தது. மேலிடத்தின் குற்றத்தோடு ஊழியரும் மூழ்கத்தான் வேண்டும் என்றில்லை. ஆனால் தலைமை அலுவலகக் கடிதத்தை ஒருபோதும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

முதலில் ஊழியர் சேமலாப நிதி. உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் நிதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது. சம்பளச் சீட்டில் 8 வீதம் வெட்டிவிட்டுப் பணத்தைக் கட்டாமல் விட்டிருந்தால்தான் ஆபத்து. ஒரு மாதத்துக்குரியது அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். மத்திய வங்கியிடம் உங்கள் கணக்குக் கூற்றை எடுத்து, சம்பளச் சீட்டுகளோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். நிறுவனம் தனியே கட்டவேண்டிய 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியையும் பாருங்கள். சேமலாப நிதியில் இடைவெளி இருந்தால் தொழில் திணைக்களத்திலும், நம்பிக்கை நிதியில் இருந்தால் ஊழியர் நம்பிக்கை நிதியச் சபையிலும் முறையிடுங்கள்.

பணிக்கொடை அப்படி அல்ல, அது நிறுவனத்தின் கையிலிருந்து வரவேண்டிய பணம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, நீங்களாக விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரியது. சம்பளம் 80,000 ரூபாய் என்றால் 7 வருடத்துக்கு 280,000. விலகினால் 30 நாளில் கேட்டு வாங்கலாம். ஆனால் அவர்களாக உங்களை நீக்கினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகும் வழி இருக்கிறது. கோபத்தில் விலகியவருக்கு அந்த வழி கடினம்.

இனிக் கையெழுத்து. எனக்கு அதிகம் கவலை இதில்தான். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றில் கடலுக்குப் போக முடியாத கிண்ணியா மீனவர் படகு இயந்திரத் தவணையைக் கட்டத் தவறுகிறார். அவருடைய கஷ்டத்தைப் பதிந்து, மீளட்டவணைக் கடன் (தவணைகளை மாற்றி அமைத்த பழைய கடன்) என்றே காட்டினால் அது நேர்மையான உதவி. நிலுவையையும் வட்டியையும் சேர்த்து 'புதிய கடன்' என்று ஒரு கோப்பைத் திறந்து, ஒரு ரூபாயும் கைமாறாமல், போன மாதத் திகதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கினால் அது மறைப்பு. மாத முடிவில் இப்படிச் செய்யச் சொல்லித் தொலைபேசி வந்தால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அன்றைக்கே 'நீங்கள் தொலைபேசியில் சொன்னது இது, பின்திகதியிட என்னால் முடியாது' என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். விசாரணை கிளைக்கு வரும் நாளில் கோப்பில் இருக்கப்போவது கொழும்பு முகாமையாளரின் பெயர் அல்ல, உங்கள் பெயர்.

முறையிட விரும்பினால், பங்குச் சந்தை சார்ந்தது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு, நிதி நிறுவன விடயம் மத்திய வங்கிக்கு. பேஸ்புக்கில் எழுதாதீர்கள். வாடிக்கையாளர் கோப்புகளை வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள், அது உங்கள் மீதே குற்றமாகத் திரும்பும். கம்பனிப் பங்கு வைத்திருந்தால், வெளியே தெரியாத நிலுவை விபரத்தை வைத்துக்கொண்டு விற்க வேண்டாம், உறவினருக்குச் சொல்லி விற்க வைக்கவும் வேண்டாம். உள்ளகத் தகவலை வைத்து வியாபாரம் செய்வது சட்டப்படி குற்றம்.

பெரியம்மாவின் வைப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். உரிமம் பெற்ற நிதி நிறுவனத்தில் வைப்பு என்றால், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தொகுதிக்கடன் பத்திரம் (கம்பனிக்குக் கடனாகக் கொடுத்த பணத்துக்கான பத்திரம்) என்று எழுதியிருந்தால் அந்தக் காப்புறுதி இல்லை. 11 இலட்சத்துக்கு மேல் இருந்தால், முதிர்வு நாளில் மேலதிகத்தை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். முன்கூட்டி எடுத்தால் வட்டி குறையும், அதை அவரே யோசித்து முடிவெடுக்கட்டும். விசாரணை முடியும்வரை வேறு எந்தச் சொந்தக்காரரிடமும் வைப்புக் கேட்டுப் போகாதீர்கள், கிளைக்கு எவ்வளவு இலக்குக் கொடுத்தாலும் சரி.