காலையில் உதறும் கார்: சில கேள்விகள், பதில்கள்

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி ஒரே ரகம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உதறுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை வாசகர்: பத்து வருஷப் பெட்ரோல் கார். காலையில் முதல் இரண்டு நிமிஷம் ஸ்டியரிங்கே ஆடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "நல்லாத்தானே ஓடுது, நம்மூர்ல என்ன குளிரு" என்கிறார்கள். பிளக் எல்லாம் மாற்றியாச்சு. அடுத்து எதை மாற்ற, அண்ணாச்சி?

எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடுகிறது, கோளாறும் ஒளிந்துகொள்கிறது. முந்தின நாள் சாயந்திரமே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். காலையில் ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் தகவல்களைப் படிக்கும் கருவி) மாட்டிய பிறகுதான் முதல் ஸ்டார்ட் என்று கறாராகச் சொல்லுங்கள்.

நம்மூரில் குளிர் இல்லை என்பது நமக்குச் சரி. இன்ஜின் ஒழுங்காக வேலை செய்யும் சூடு 90 டிகிரி பக்கம். அதற்கு நம் காலை 25 டிகிரி குளிர்தான். அந்நேரம் பெட்ரோல் முழுசாக ஆவியாகாது. அதனால் இசியு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டு, ஐட்லிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) நிமிஷத்துக்கு 1200, 1300 சுற்றுக்கு ஏற்றி வைக்கும். சூடேறச் சூடேற 800 பக்கம் இறக்கும். இந்தக் கணக்கு முழுக்கக் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டின் சூட்டை அளக்கிற சென்சாரை நம்பியது.

ஆகவே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் கூலண்ட் சூட்டையும் உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 25, கூலண்ட் 70 என்று வந்தால் சென்சார் பொய் சொல்கிறது. சூடான இன்ஜின் என்று நினைத்து இசியு பெட்ரோலைக் குறைத்துவிடும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒயரோ கனெக்டரோ விட்டுப்போயிருக்கும்.

இரண்டும் ஒத்துப்போனால் ஸ்டார்ட் செய்து, மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) எந்த சிலிண்டரில் என்று பாருங்கள். ஸ்கேனரில் P0301 என்று கோளாறு எண் வந்தால் முதல் சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனியாக ஒரு காயில் (பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகம்) இருக்கிற வண்டியென்றால், அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, அதனுடையதை இங்கே மாட்டுங்கள். மறுநாள் காலை அந்த எண் P0303 என்று மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள். அப்புறம்தான் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர். காசு செலவில்லாத சோதனை இது. ஆனால் மறுநாள் காலை வரை காத்திருக்கப் பலருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கூலண்ட் அடிக்கடி குறைகிறதா? உதறும்போது வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு வருகிறதா? அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) வழியாக ராத்திரியில் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

அம்பாசமுத்திரம் வாசகர்: திராட்டில் பாடியைக் கழுவிய பிறகு ஐட்லிங் முன்பைவிட மோசம்.

திராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கூட்டிக் குறைக்கும் பாகம். கார்பன் படிந்த காலத்தில் தகட்டோர இடைவெளிக்கு ஏற்ப இசியு பழகியிருக்கும். இப்போது சுத்தமாகிவிட்டதால் காற்று அதிகமாகப் போகிறது. ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்து, இசியுவைப் புதிதாகப் பழக வைத்தால் போதும். அடுத்த முறை திராட்டில் பாடிக்கென்றே விற்கிற ஸ்பிரேயை வாங்குங்கள். சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவே கூடாது.

திசையன்விளை வாசகர்: ஐட்லிங் ஏறி ஏறி இறங்குகிறது, பானட்டுக்குள் "உஸ்" என்று சத்தம்.

வேக்குவம் ஹோஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ரப்பர் குழாய்) எங்கோ வெடித்திருக்கிறது. உங்கள் பக்கத்து வெயிலிலும் உப்புக் காற்றிலும் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். குளிர்ந்திருக்கும்போது வெடிப்பு விரிந்தும், சூடானதும் ரப்பர் இளகிக் கொஞ்சம் மூடியும் இருக்கும். அதனால்தான் காலையில் மட்டும் தொல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களிலும் இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பிலும் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் அடியுங்கள்; காயில், ஒயர் பக்கம் வேண்டாம். எங்கே அடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. அப்படியே ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். தேரிக்காட்டுச் செம்மண் கைப்பிடி அளவு விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

வள்ளியூர் வாசகர்: டீசல் வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஒரு நிமிஷம் வெள்ளைப் புகையோடு குலுங்குகிறது.

ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் பிளக். நம்மூர் வெப்பத்தில் ஒன்றிரண்டு போனாலும் இன்றைய காமன் ரெயில் டீசல் ஸ்டார்ட் ஆகிவிடும். அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம் காட்டும், போனது ஒன்றும் காட்டாது. கழற்றும்போது மட்டும் இன்ஜின் சூடாக இருக்கட்டும், அவசரம் வேண்டாம். பழைய பிளக் ஹெட்டுக்குள் ஒடிந்தால் செலவு பத்து மடங்கு. பிளக் நன்றாக இருந்தால் டீசல் ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா, லைனில் காற்று பிடிக்கிறதா என்று போங்கள்.

வண்ணார்பேட்டை வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. மழை பெய்த மறுநாள் மட்டும் மிஸ்ஸிங்.

ஈரம்தான். காயிலின் ரப்பர் உறையையும் இன்ஜின் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டுங்கள். எர்த் ஒயர் பாடியில் முறுக்கிய இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய மறக்க வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் பலரும் தவறவிடுவது அந்த ஒரு போல்ட்டைத்தான்.

தச்சநல்லூர் வாசகர்: எல்லாம் எத்தனால் பெட்ரோலால் வந்த வினை என்கிறார்களே?

எத்தனால் ஆவியாக அதிகச் சூடு தேவை, அது உண்மை. பிரேசிலில் முழு எத்தனாலில் ஓடிய வண்டிகளுக்கு, குளிரில் ஸ்டார்ட் ஆக ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்கே தனியாக இருந்தது. ஆனால் நெல்லை வெப்பத்தில், 20 சதவீதக் கலப்பு மட்டுமே ஸ்டியரிங்கை ஆட்டிவிடாது. ஏற்கெனவே இருக்கிற கோளாறைக் கொஞ்சம் வெளியே காட்டும். பழைய வண்டியென்றால் பெட்ரோல் ஹோஸ்களை மட்டும் ஒரு பார்வை பாருங்கள்.

களக்காடு வாசகர்: காலையில் பத்து நிமிஷம் நிறுத்திச் சூடேற்றலாமா?

வேண்டாம். அரை நிமிஷம் போதும், அப்புறம் இன்ஜின் சூடாகும் வரை மிதமாக ஓட்டுங்கள்.

மேலப்பாளையம் வாசகர்: ஆட்டோமேட்டிக் கார். எனக்குச் சூடானாலும் உதறுகிறதே, ஏசி போட்டால் இன்னும் அதிகம்.

அப்படியானால் உங்கள் கதை வேறு. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரை D-யிலிருந்து R-க்கு (ரிவர்ஸ்) மாற்றுங்கள். பக்கவாட்டில் நின்று இன்னொருவர் பானட்டுக்குள் பார்க்கட்டும். இன்ஜின் துள்ளி எழும்பினால், அதைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது.